செயலி எழுதிக்கொள்ளும், யார் படிப்பது?

உங்கள் வீட்டுப் பிள்ளையின் கைப்பேசியில், 'இன்று என்ன சாப்பிட்டீர்கள்?' என்று கேட்கும் செயலி ஒன்று இருக்கக்கூடும். இப்படிப்பட்ட செயலிகள் பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு வண்ண வட்டம், ஒரு வரைபடம், நடுவே ஒரு பாராட்டு. ஆனால் இவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எவ்வளவு சாப்பிட்டாய் என்று எண்ணி எண்ணிக் கழிக்கும் வகை. மற்றொன்று, சாப்பிட்டபோது மனம் எப்படி இருந்தது என்று கேட்கும் வகை. உண்ணும் கோளாறு உள்ள ஒரு பிள்ளையிடம் முதல் வகை அகப்பட்டால் நோய் முற்றலாம். இரண்டாம் வகை சிகிச்சைக்குத் துணை நிற்கலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை பதிவு செய்வதை மறுமுனையில் ஒரு மனிதர் படிக்க வேண்டும். மருத்துவ உலகில் இப்போது இதைப் பற்றி நிறைய பேசுகிறார்கள். நம் வீடுகளில் இன்னும் பேச்சே தொடங்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றி. உண்ணும் கோளாறு என்பது 'டயட்' இருப்பது அல்ல, சாப்பாட்டில் அடம்பிடிப்பதும் அல்ல. அனோரெக்சியா நெர்வோசா என்னும் வகையில், எடை ஆபத்தான அளவுக்கு இறங்கிய பிறகும் 'நான் குண்டாக இருக்கிறேன்' என்ற பயம் விடாது. புலிமியா நெர்வோசா உள்ளவர்கள் கட்டுப்பாடு இழந்து ஏராளமாகச் சாப்பிடுவார்கள். பிறகு பயந்துபோய் வாந்தி எடுப்பார்கள், பேதி மாத்திரை போடுவார்கள், அல்லது நாள் முழுக்கப் பட்டினி கிடப்பார்கள். லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல் 1979ல்தான் இதைத் தனி நோயாகப் பெயரிட்டு விவரித்தார். மூன்றாவது வகையில் வாந்தியோ பேதி மாத்திரையோ இருக்காது. அடிக்கடி மிதமிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு வெட்கத்தில் அதை ஒளித்து வைப்பார்கள்.

இந்த நோயாளிகள் எல்லாரும் எலும்பும் தோலுமாக இருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். புலிமியா உள்ளவர்களில் பெரும்பாலோர் பார்வைக்குச் சராசரி உடல்வாகோடுதான் இருப்பார்கள். அதனால் வீட்டில் தெரிவதில்லை. ஆனால் உடலுக்குள் வேதியியல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். இரைப்பை அமிலத்தின் பிஎச் மதிப்பு 1க்கும் 3க்கும் இடைப்பட்டது. பல்லின் எனாமல் சுமார் 5.5க்குக் கீழே போனாலே கரையத் தொடங்கும். ஒவ்வொரு வாந்தியும் பல்லை அமிலத்தில் முக்கி எடுப்பதற்குச் சமம். அதைவிடப் பெரிய ஆபத்து பொட்டாசியம். வாந்தியாலும் பேதி மாத்திரையாலும் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும்போது இதயத் துடிப்பின் சீர் கெடும். வெளியில் நன்றாகத் தெரியும் ஒரு பிள்ளை திடீரென்று மயங்கி விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மனநோய்களிலேயே அதிக உயிரிழப்பை ஏற்படுத்துபவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று.

'இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு வரும் நோய் சார்' என்று பெற்றோர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் அப்படி நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகளில் சில 1877ல் நடப்பட்ட ஊர் எங்கள் கோலா கங்சார். சுற்றிலும் இருந்த தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்கு நின்று பால்மரம் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதை இல்லாத குடும்பம் குறைவு. ஒருவரை ஒருவர் பார்த்தால் 'பசியாறியாச்சா?' என்றுதான் கேட்கிறோம். தட்டில் சோறு இருந்தும் ஒரு பிள்ளை சாப்பிட மறுப்பது அந்த நினைவுக்குள் அடங்குவதில்லை. திமிர் என்கிறோம், கண்ணேறு என்கிறோம், காதல் விவகாரம் என்கிறோம். நோய் என்று சொல்ல வாய் வருவதில்லை.

மலேசியாவில் அனோரெக்சியா எவ்வளவு என்று மனநல மருத்துவர்களிடம் கேட்டு 1981ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அப்போது மிகச் சில நோயாளிகளே தெரிய வந்தார்கள். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1998ல், சென்னையில் ஸ்ரீனிவாசன், சுரேஷ், ஜெயராம் ஆகிய ஆய்வாளர்கள் 210 மருத்துவ மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். மேற்கத்திய பாடநூலில் உள்ளது போன்ற முழு நோய் இல்லாவிட்டாலும், ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் உணவையும் எடையையும் குறித்த ஒருவகை மனவேதனையில் இருந்தார்கள். சென்னையில், மருத்துவம் படிக்கும் பிள்ளைகள். ஃபிஜித் தீவின் கதை இன்னும் தெளிவானது. அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995ல்தான் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அந்த ஆண்டே பள்ளி மாணவிகளை ஆராய்ந்தார். எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுத்ததாக அப்போது ஒருவரும் சொல்லவில்லை. 1998ல் மீண்டும் அங்கே போய்க் கேட்டபோது 11.3 விழுக்காட்டினர் அப்படிச் செய்ததாகச் சொன்னார்கள். வாட்டசாட்டமான உடலைப் பெருமையாக நினைத்த சமூகம் அது. மூன்றே ஆண்டு, வீட்டின் மூலையில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. இன்று பெட்டி பிள்ளையின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

சரி, பட்டினி கிடக்கும் பிள்ளையிடம் 'சாப்பிடு' என்று சொன்னால் ஏன் கேட்பதில்லை? நம் மக்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையில் இதற்குப் பாதி விடை கிடைக்கிறது. 1944 நவம்பரில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டார். போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராது என்று மறுத்தவர்கள் அவர்கள். உடலும் மனமும் ஆரோக்கியமானவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். போரால் பட்டினி கிடக்கும் ஐரோப்பிய மக்களை எப்படி மீட்டெடுப்பது என்று அறிவதுதான் நோக்கம். 24 வாரங்கள் அவர்களுக்குப் பாதி உணவுதான். ஒரு நாளைக்குச் சராசரியாக 1570 கிலோகலோரி அளவில் கொடுத்து, எடையில் கால் பங்கைக் குறைக்கத் திட்டமிட்டார்.

உடல் மெலிந்ததில் வியப்பு ஒன்றும் இல்லை. மனத்தில் நடந்ததுதான் வியப்பு. அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். கொடுத்த உணவை மணிக்கணக்கில் பிசைந்து கொண்டிருந்தார்கள், தட்டை நக்கினார்கள், சூயிங்கத்தைப் பொட்டலம் பொட்டலமாக மென்றார்கள். நண்பர்களிடம் பேசுவது குறைந்தது. எப்போதும் குளிர்ந்தது, எரிச்சல் வந்தது, சிலருக்கு மனச்சோர்வு பிடித்தது. உணவு மறுபடி கிடைத்த பிறகும் சிலர் வயிறு வெடிக்கும்வரை சாப்பிட்டார்கள், ஆனாலும் பசி அடங்கவில்லை. இவர்கள் யாருக்கும் முன்பு உண்ணும் கோளாறு இருந்ததில்லை. பட்டினியே மூளையை அப்படி மாற்றியது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு விஷயம் விளங்கும். கட்டுப்பாடு கூடக் கூட, ஒருநாள் அது உடைந்து மிதமிஞ்சிச் சாப்பிட வைக்கும். சாப்பிட்ட குற்றவுணர்ச்சி வாந்தியில் கொண்டுபோய் விடும். வாந்தி எடுத்த பயத்தில் மறுநாள் கட்டுப்பாடு இன்னும் இறுகும். இந்தச் சக்கரத்தை எங்காவது ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் 1980களில் புலிமியாவுக்கென்று உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அதைத்தான் செய்கிறது. வழக்கமாக 20 வாரங்களில் சுமார் 20 சந்திப்புகள். முதல் சந்திப்பிலேயே நோயாளியிடம் ஒரு வேலை கொடுத்துவிடுவார்கள். குறிப்பேடு.

அந்தக் குறிப்பேட்டில் கலோரிக்குப் பத்தி கிடையாது. எத்தனை மணிக்கு, எங்கே, என்ன சாப்பிட்டேன், கட்டுப்பாடு இழந்ததாகத் தோன்றியதா, வாந்தி எடுத்தேனா, அந்த நேரத்தில் மனத்தில் என்ன ஓடியது. இவ்வளவுதான். சாப்பிட்ட உடனேயே எழுத வேண்டும், இரவில் மொத்தமாக எழுதக்கூடாது. ஒரு வாரக் குறிப்பைச் சிகிச்சையாளரும் நோயாளியும் சேர்ந்து படிக்கும்போது, 'பசியாறாமல் பள்ளிக்குப் போன நாளில்தான் மாலையில் இப்படி ஆகிறது' என்பதுபோல ஒன்று தெரிய வரும். அதன் பிறகு நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல், மூன்று வேளை உணவும் இடையே சிற்றுண்டியும் என்று ஓர் ஒழுங்கைக் கொண்டு வருவார்கள். சக்கரம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முதலில் தளர்கிறது.

ஆனால் மனிதர்கள் குறிப்பேடு எழுதும் லட்சணம் ஆசிரியர்களாகிய எங்களுக்குத் தெரியாததா? விடுமுறை முழுக்க எழுத வேண்டிய நாட்குறிப்பைப் பள்ளி திறப்பதற்கு முதல் நாள் இரவு மூன்று நிறப் பேனாக்களில் எழுதி முடிப்பார்கள். பெரியவர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஆர்தர் ஸ்டோனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. நாள்பட்ட வலியுள்ள 80 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்குக் காகிதக் குறிப்பேடு கொடுத்தார்கள். அதன் அட்டைக்குள் ஒளியை உணரும் கருவி ஒன்றை மறைத்து வைத்திருந்தார்கள். ஏடு எப்போது திறக்கப்படுகிறது என்பது அதில் பதிவாகிவிடும். குறிப்பிட்ட நேரத்தில் எழுதியதாக நோயாளிகள் காட்டிய அளவு 90 விழுக்காடு. உண்மையில் எழுதியது 11 விழுக்காடு! மின்னணுக் குறிப்பேடு வைத்திருந்தவர்களோ 94 விழுக்காடு உரிய நேரத்தில் எழுதினார்கள்.

செயலி உள்ளே நுழைந்தது இந்த இடைவெளியில்தான். பேருந்திலோ விருந்திலோ உட்கார்ந்து குறிப்பேட்டை எடுத்து எழுதினால் நாலு பேர் பார்ப்பார்கள். கைப்பேசியைத் தட்டினால் யாரும் பார்ப்பதில்லை. ரிகவரி ரெக்கார்ட் என்ற செயலி இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது. ஜென்னா ட்ரெகார்தன் அதை உருவாக்கியவர்களில் ஒருவர். அவரும் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் லாக், அலிசன் டார்சி ஆகியோரும் 2015ல் எழுதிய கட்டுரையின்படி, இரண்டு ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். உணவு வேளையை நினைவூட்டுகிறது, உணவையும் உணர்வையும் பதிவு செய்யச் சொல்கிறது, கலோரி கேட்பதில்லை. சிகிச்சையாளர் ஒருவரை இணைத்துக்கொண்டால், அவர் தம் திரையில் அந்தப் பதிவுகளைப் பார்க்கலாம், இடையில் ஒரு வரி எழுதியும் அனுப்பலாம்.

நல்லதுதான். ஆனால் செயலிதான் குணப்படுத்துகிறது என்று முடிவு கட்டுமுன் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனடாவில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இந்தச் செயலியையும் மறுபகுதியினருக்குக் காகிதத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2020ல் வெளிவந்த முடிவு, நோயின் அறிகுறிகள் குறைந்ததில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது. அதே ஆண்டு அமெரிக்காவில் டாம் ஹில்டபிராண்ட் குழுவினர் மிதமிஞ்சி உண்ணும் பழக்கமுள்ள 225 பெரியவர்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குச் செயலியோடு, தொலைவிலிருந்து அவ்வப்போது பேசி வழிகாட்டும் சுகாதாரப் பயிற்றுநர் ஒருவரையும் கொடுத்தார்கள். அந்தப் பயிற்றுநர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். அப்படியிருந்தும் வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் மிதமிஞ்சி உண்பது தெளிவாகவே குறைந்தது. (அந்தச் செயலியைத் தயாரித்த நூம் நிறுவனம் எடை குறைப்புச் செயலி விற்றுப் பெயர் பெற்றது. ஆய்வில் பயன்பட்டது இந்த நோய்க்கென்று தனியாக அமைத்த பதிப்பு. பெயரை மட்டும் பார்த்துத் தரவிறக்கம் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.)

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இது. எழுதப்படுவது காகிதமா கண்ணாடியா என்பது இரண்டாம்பட்சம். யாரோ ஒருவர் அதைப் படிக்கிறார், அடுத்த வாரம் அதைப் பற்றி நம்மிடம் கேட்பார் என்பதில்தான் பெரும் பகுதி வேலை நடக்கிறது. மனநல மருத்துவர் பற்றாக்குறை உள்ள நாட்டுக்கு இது கெட்ட செய்தி இல்லை. பயிற்சி பெற்ற ஒரு தாதியோ ஆலோசனை ஆசிரியரோகூட, மேற்பார்வை இருந்தால், அந்த மறுமுனையில் உட்காரலாம் என்பதற்கு அந்த 225 பேர் ஆய்வு இடம் கொடுக்கிறது.

மறுமுனையில் மனிதரே வேண்டாம் என்று நினைத்த ஓர் அமைப்புக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய உண்ணும் கோளாறுகள் சங்கம் 1999லிருந்து தொலைபேசி உதவிச் சேவை நடத்தி வந்தது. 2023 மார்ச் இறுதியில், அந்தச் சேவையை மூடப் போவதாக அதன் ஊழியர்களிடம் சொன்னார்கள். அவர்கள் தொழிற்சங்கம் அமைத்துச் சில நாள்களே ஆகியிருந்தன. சங்கத்தின் இணையத்தளத்தில் எஞ்சியது டெஸ்ஸா என்னும் உரையாடல் மென்பொருள். டெஸ்ஸா அடிப்படையில் மோசமான தயாரிப்பு அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் எலன் ஃபிட்ஸிமன்ஸ்-கிராஃப்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள், நோய் வருமுன் தடுப்பதற்கென்று, எழுதி வைத்த பதில்களை மட்டும் சொல்லும்படி அதை அமைத்து, 700 பெண்களிடம் சோதித்தும் பார்த்திருந்தார்கள். பிறகு அதை நடத்திய நிறுவனம் தானாகவே பதில் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவைச் சேர்த்தது.

2023 மே மாதக் கடைசியில் ஷேரன் மேக்ஸ்வெல் என்பவர் அதனிடம் பேசிப் பார்த்தார். அவரே இந்த நோயிலிருந்து மீண்டவர். ஒரு நாளைக்கு 500 முதல் 1000 கலோரி குறைத்துக்கொள், வாரந்தோறும் எடை பார், வாரத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு குறைப்பது சரியான வேகம் என்று டெஸ்ஸா அவருக்கு ஆலோசனை சொன்னது. சர்க்கரை நோயாளிக்குப் பாகு ஊட்டிய கதைதான். அவர் அதை வெளியிட்டதும் மே 30ஆம் தேதி சங்கம் டெஸ்ஸாவை நிறுத்தியது. அந்த ஆலோசனை மருத்துவமனைச் சுவரில் ஒட்டும் எடை குறைப்பு விளம்பரத்தில் இருந்தால் யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள். கேட்டவர் யார் என்று மென்பொருளுக்குத் தெரியவில்லை. இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒரு தொண்டூழியர் எதிரில் இருந்திருந்தால், முதல் வாக்கியத்திலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனி, கலோரி எண்ணும் செயலிகளுக்கு வருகிறேன். அவற்றை மொத்தமாகத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். நீரிழிவு இந்தியர்களிடையே மிக அதிகம். ஐம்பது வயது மாமா ஒருவர் தாம் குடிக்கும் தே தாரிக்கில் எவ்வளவு சீனி போகிறது என்று செயலியில் பார்த்துக் குறைத்துக்கொண்டால் நல்லதுதான். அதே செயலி பதினைந்து வயதுப் பிள்ளையின் கையில் வேறொன்றாகிவிடலாம். உண்ணும் கோளாறு என்று கண்டறியப்பட்ட 105 பேரிடம் செரி லெவின்சன் குழுவினர் நடத்திய ஆய்வு 2017ல் வெளிவந்தது. அவர்களில் சுமார் 75 விழுக்காட்டினர் மைஃபிட்னஸ்பால் செயலியைப் பயன்படுத்தியிருந்தார்கள். அப்படிப் பயன்படுத்தியவர்களில் 73 விழுக்காட்டினர் தங்கள் நோய்க்கு அது ஒரு பங்களித்தது என்றார்கள். செயலிதான் நோயைக் கொண்டு வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. நோய் உள்ளவர்கள் எண்களைத் தேடிப் போவதும் இயல்பு. ஆனால் மினசோட்டாவில் இளைஞர்களைப் பட்டினி போட்ட 1570 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, பல செயலிகள் பெண்களுக்கு 1200ஐ அன்றாட இலக்காகக் கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

பள்ளியும் இதில் விலகி நிற்க முடியாது. படிவம் இரண்டு அறிவியலில் ஊட்டச்சத்துப் பாடம் வருகிறது. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று சொல்லிக்கொடுத்து, ஒரு பொட்டலம் நாசி லெமாக்கின் கலோரியைக் கணக்குப் போடச் செய்கிறோம். நல்ல பாடம், அவசியமான பாடம். ஆனால் அந்த வயதில் சில பிள்ளைகளுக்கு அது கணக்கோடு நிற்பதில்லை. ஆகவே அந்தப் பாடத்தை நடத்தும் சக ஆசிரியர்களுக்கு என் யோசனை: மாணவர்கள் சொந்த உணவைக் கணக்கிடும் பயிற்சியைக் கொடுக்காதீர்கள். ஒரு கற்பனைக் குடும்பத்தின் உணவுப் பட்டியலைக் கொடுங்கள். கணக்கு அதேதான். மினசோட்டாக் கதையையும் பத்து நிமிடம் சொல்லுங்கள், வகுப்பு அப்படியே உட்கார்ந்து கேட்கும். உடற்கல்விப் பாடத்தில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் செகாக் சோதனையில் உடல் எடைக் குறியீடு அளக்கப்படுகிறது. அளப்பதில் தவறில்லை. வரிசையில் நிற்க வைத்து எடையை உரக்கப் படிப்பதுதான் தவறு. ஒரு தடுப்புத் திரை, தாழ்ந்த குரல். இதற்கு எந்த ஒதுக்கீடும் வேண்டியதில்லை.

அந்தரங்கம் பற்றியும் ஒரு சொல். சாப்பாடு, வாந்தி, மனச்சோர்வு என்று ஒரு பிள்ளை எழுதுவது அதன் வாழ்வின் மிக அந்தரங்கமான பக்கம். 2023 மார்ச்சில் அமெரிக்க வணிக ஆணையம் பெட்டர்ஹெல்ப் என்னும் இணையவழி மனநலச் சேவைக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. வாடிக்கையாளர்களின் விவரங்களை ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற நிறுவனங்களோடு விளம்பரத்துக்காகப் பகிர்ந்துகொண்டதற்காக அந்தச் சேவை 78 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. இலவசச் செயலி எதை விற்றுப் பிழைக்கிறது என்று தரவிறக்கம் செய்யுமுன் கேளுங்கள். பிள்ளையின் பதிவை நீங்களே திருட்டுத்தனமாகத் திறந்து படிப்பதும் கூடாது. யார் படிப்பார் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு அது சம்மதித்திருக்க வேண்டும்.

பதின்ம வயதுப் பிள்ளைக்கு அனோரெக்சியா என்றால் செயலியைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பவழிச் சிகிச்சைக்குத்தான் இந்த வயதில் வலுவான சான்று இருக்கிறது. தொடக்கக் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்ற பொறுப்பைப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்வார்கள். மிரட்டுவதில்லை, கெஞ்சுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வைப்பார்கள். 'ஒரு வாய் சாப்பிடும்மா' என்று தட்டோடு பின்னால் நடந்து பழகிய நம் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் இது முற்றிலும் புதிய வேலை இல்லை, ஆனால் வழிகாட்ட ஆள் வேண்டும். நீண்ட நாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் அளவு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு இங்கே உதவாது.

கோலா கங்சாரில் இருக்கும் ஒருவர் எங்கே போவது? முதலில் அரசாங்கச் சுகாதார கிளினிக் அல்லது நம் மாவட்ட மருத்துவமனை. எடை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, இரத்தத்தில் பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கிருந்து மனநலப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தருவார்கள். தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள உலு கிந்தா பஹாகியா மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே நம்மவர்கள் முகம் மாறுகிறது. 1911ல் திறக்கப்பட்ட காலத்தின் பேரச்சம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த அச்சம் உள்ளவர்களுக்குச் சுகாதார அமைச்சின் மென்தாரி சமூக மனநல மையங்கள் கொஞ்சம் எளிதாக இருக்கும். பேச மட்டும் வேண்டுமென்றால் அமைச்சின் ஹீல் சேவை எண் 15555. சந்திப்புக்கும் சந்திப்புக்கும் இடையே வாரங்கள் கடந்துவிடும். செயலி உதவக்கூடிய இடம் அந்த வாரங்கள்தான். மருத்துவரிடமே கேளுங்கள்: 'டாக்டர், பிள்ளை செயலியில் குறித்து வந்தால் நீங்கள் படிப்பீர்களா?' படிப்பேன் என்றால் எந்தச் செயலி என்று அவரே சொல்லட்டும்.

சந்தேகம் மட்டும் உள்ளவர்களுக்கு லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் உருவாகி 1999ல் வெளிவந்த ஐந்து கேள்விகள் உண்டு. வயிறு சங்கடமாக நிறைந்துவிட்டதென்று வாந்தி எடுக்கிறாரா, சாப்பிடும் அளவில் கட்டுப்பாடு போய்விட்டதென்று கவலைப்படுகிறாரா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்திருக்கிறாரா, மற்றவர்கள் ஒல்லி என்று சொன்னாலும் தம்மைக் குண்டு என்று நம்புகிறாரா, உணவு பற்றிய எண்ணமே வாழ்க்கையை ஆட்டிப் படைக்கிறதா. இரண்டுக்கு ஆம் என்ற பதில் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. விசாரணைபோலக் கேட்காதீர்கள். காரில் போகும்போது, முகத்தைப் பார்க்காமல் கேட்டால் பிள்ளைகள் பேசுவார்கள். ஆண் பிள்ளைகளிடமும் கேளுங்கள், ஜிம்முக்குப் போகிறவன் என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகப் பள்ளி நேரம். அரசுப் பள்ளிக்குள் மாணவர்கள் கைப்பேசி கொண்டு வர அனுமதி இல்லை, அந்த விதியை நான் ஆதரிக்கிறேன். ஆனால் இந்த நோயுள்ள பிள்ளைக்கு நாளின் மிகக் கடினமான வேளை ஓய்வு நேரச் சிற்றுண்டிச்சாலைதான். நண்பர்கள் சாப்பிட, தான் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் ஒதுங்கும் அந்த இருபது நிமிடம் எந்தச் செயலியிலும் பதிவாகாது. இதற்கு விதியைத் தளர்த்த வேண்டாம். சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு ரிங்கிட் நோட்டுப்புத்தகம் போதும். ஓய்வு நேரம் முடிந்ததும் பிள்ளை அதை வழிகாட்டி ஆலோசனை ஆசிரியரின் அறைக்குக் கொண்டு போய் இரண்டு வரி எழுதட்டும், ஆசிரியர் அங்கேயே படிக்கட்டும். மாலையில் வீட்டுக்குப் போனதும் அந்த இரண்டு வரியைச் செயலியில் ஏற்றிவிட்டால், மருத்துவரின் திரையில் அன்றைய பகல் காலியாக இருக்காது. மாவட்டக் கல்வி அலுவலகம் அடுத்த முறை ஆலோசனை ஆசிரியர்களைப் பயிற்சிக்கு அழைக்கும்போது, இந்த நோய்க்கு ஒரு காலை நேரத்தை ஒதுக்கி, நம் வட்டார மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து ஒருவரை வந்து பேசச் சொன்னால், மறுமுனையில் உட்கார ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவராவது தயாராக இருப்பார்.